கவுன்சலிங் அறைக்குள் என்ன நடக்கிறது?

பிளஸ் டூ, நீட் முடிவுகள் வரும் வாரங்களில் பல வீடுகளில் இந்தப் பேச்சு கேட்கும். "சரியாச் சாப்பிடுறதில்லை, ரூமை விட்டு வெளியே வர மாட்டேங்கிறான்" என்பார் அம்மா. "ரெண்டு நாள்ல சரியாயிடும், விடு" என்பார் அப்பா. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படியே சரியாகியும் விடும். சரியாகாத பிள்ளையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

உலகில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் 13 முதல் 17 வயதினரில் சுமார் 7 சதவீதம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பறையில் இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது. நன்றாகச் சிரித்துப் பேசுகிற பெண்ணாகவும் இருக்கலாம்.

சோகம் நோயல்ல. மார்க் குறைந்தால், காதல் முறிந்தால், தாத்தா இறந்தால் அழுவது இயல்பு. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எத்தனை நாளாக நீடிக்கிறது என்பது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே இருந்தால் விட்டுவிடக் கூடாது. மற்றொன்று, அது அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்பது. தினமும் கிரிக்கெட் ஆடப் போனவன் மட்டையைத் தொடுவதில்லை. காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடுகிறாள். தூக்கம் தலைகீழாகிறது. பிள்ளைகளிடம் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவதைவிட எரிச்சலாக வெளிப்படுவதும் உண்டு. அதனால்தான் வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம். "போனைப் புடுங்கினா எல்லாம் சரியாப் போகும்" என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது.

இந்த நிலையில் கவுன்சலிங் என்ற பேச்சை எடுத்தால் பெற்றோர் பலர் நினைப்பது இதுதான்: நாம் சொன்னால் கேட்க மாட்டான், படித்தவர் ஒருவர் நாலு நல்ல வார்த்தை சொன்னால் கேட்பான். அறைக்குள் நடப்பது வேறு. அறிவுரை அவனுக்கு வேண்டிய மட்டும் கிடைத்தாயிற்று, மாமா முதல் டியூஷன் மாஸ்டர் வரை சொல்லியாகிவிட்டது. அவன் பேசி, ஒருவர் இடைமறிக்காமல் கேட்டதுதான் இதுவரை நடக்காதது.

முதல் சந்திப்பு பொதுவாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை போகும். பெற்றோரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு அவர்களை வெளியே உட்காரச் சொல்வார்கள். பிறகு பேச்சு மிகச் சாதாரணமாகத் தொடங்கும். கல்லூரி விடுதியில் இருக்கும் ஒரு மாணவனோடு நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நைட் எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?"

"மூணு, நாலு ஆயிடும்."

"அதுவரைக்கும்?"

"போன் பாத்துட்டு இருப்பேன்."

"பாக்கப் பிடிக்குதா?"

"இல்ல."

பயிற்சி பெற்றவருக்கு அந்த "இல்ல" பெரிய செய்தி. பிடித்துப் பார்ப்பது வேறு, எதுவுமே பிடிக்காமல் திரையை வெறுமனே தள்ளிக்கொண்டிருப்பது வேறு. இரண்டாவது, மனச்சோர்வின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. சில இடங்களில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் நிரப்பச் சொல்வார்கள். கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வம், தூக்கம், பசி, கவனம் எல்லாம் எப்படி இருந்தன என்று அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அந்தத் தாள் மட்டுமே முடிவைச் சொல்லிவிடாது. ஆனால் ஒரு மாதம் கழித்து மறுபடியும் நிரப்பும்போது மாற்றம் இருக்கிறதா என்பது தெரியும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று ஆலோசகர் நேரடியாகவே கேட்பார். பெற்றோர் பயப்படுவது இதற்குத்தான், கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆய்வுகளில் இது உறுதியாகியிருக்கிறது. ஒருவர் பதறாமல் கேட்டாரே என்பதே பலருக்குப் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். வீட்டில் நீங்களும் கேட்கலாம். திட்டாமல், அழாமல், பதிலை முழுதாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆமாம் என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள் எதுவும் கையெட்டும் இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் வேலை நுணுக்கமாகும். "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று அவன் சொன்னால் "அப்படியெல்லாம் இல்லப்பா" என்று மறுக்க மாட்டார்கள். அதை நோட்டில் எழுதச் சொல்வார்கள். எப்போது அப்படித் தோன்றியது, அதற்கு முன் என்ன நடந்தது, அது உண்மை என்பதற்கு என்ன சாட்சி, எதிராக என்ன சாட்சி என்று அவனையே தேட வைப்பார்கள். கூடவே சின்னச் சின்ன வேலைகள்: காலை பத்து மணிக்குள் குளிப்பது, டீக்கடை வரை நடப்பது, பேசாமல் விட்ட ஒரு நண்பனுக்கு ஒரு மெசேஜ். மனச்சோர்வில் ஆர்வம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் அது வராது. முதலில் செய்ய வேண்டும், ஆர்வம் பின்னால் வரும். வாரம் ஒருமுறை என்று சில வாரங்களாவது போக வேண்டியிருக்கும். ஒரே தடவை போய்விட்டு "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று நிறுத்துவது சரியல்ல.

"நான் சொல்றதை வீட்ல சொல்லிடுவீங்களா?" என்பது பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் அந்த ரகசியம் தளரும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நல்ல ஆலோசகர் இந்த எல்லைகளை முதல் நாளே சொல்லிவிடுவார். வெளியே வந்ததும் "உள்ளே என்ன சொன்னே?" என்று துருவாமல் இருப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

எல்லாம் பேச்சால் தீராது. மருந்து எழுத உரிமையுள்ளவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு இருக்கும், தயங்காமல் கேட்டுப் பாருங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அவை போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது. நல்ல உத்தரவு. ஆனால் கணக்குக் காட்ட ஒருவரை வைத்து, ஆசிரியர் வராத நாளில் அவரையே வகுப்புக்கு அனுப்பினால் எந்தப் பிள்ளையும் அவரிடம் மனம் திறக்காது. உங்கள் பள்ளியில், கல்லூரியில் அவருக்குத் தனி அறை இருக்கிறதா, கதவு மூடுமா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

பணமில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2022இல் தொடங்கிய டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. அழைக்க நோய் முற்ற வேண்டியதில்லை. பிள்ளைக்காகப் பெற்றோரும் அழைக்கலாம், நண்பனுக்காக நண்பனும் அழைக்கலாம்.