இறம்பொடையில் பிடிபட்ட தும்பி

பெருநாளுக்கு நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு உம்மம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், இறம்பொடை வளைவுகளில் தம்பிக்கு வாந்தி வரும். எனக்கு அந்த ஊர் என்றால் அவ்வளவுதான். உயர்தரத்தில் உயிரியல் படிக்க வந்த பின்னரே அங்கு பிடிபட்ட ஒரு தும்பியைப் பற்றி அறிந்தேன்.

தேயிலைக்கு முந்திய காலம் அது. 1850களில் ஜோன் நீட்னர் என்ற ஜேர்மனியர் அப்பகுதியில் கோப்பித் தோட்டம் செய்தார். கோப்பியைக் கெடுக்கும் பூச்சிகளைப் பற்றி 1861இல் நூலும் வெளியிட்டார். அவர் சேகரித்த பூச்சிகளில் ஒரு பச்சை ஊசித்தும்பியும் இருந்தது. ஹெர்மன் ஹேகன் என்ற அறிஞர் அதை விபரித்தார். இன்று அதன் பெயர் சிங்கலெஸ்டிஸ் ஓரியென்டாலிஸ். இலங்கையைத் தவிர உலகில் எங்கும் இல்லை. அதன் பேரினத்தில் வேறு இனமும் இல்லை.

அதன் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, காடு குறைந்தது. தும்பியும் அழிந்துவிட்டதென்றே எண்ணினார்கள். ஆனால் 2012இல், நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் சிவனொளிபாதமலைக் காட்டில் அதை மீண்டும் கண்டார்கள். நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு!

ஊசித்தும்பிகள் பெரும்பாலும் இறகை மூடியே அமரும். இந்தக் குடும்பத்தவை பாதி விரித்தபடி அமரும். தாய் நீரோரச் செடியின் தண்டைக் கீறி உள்ளே முட்டையிடும். நீரில் வளரும் குடம்பியின் வால் நுனியில் இலை போன்ற மூன்று பூக்கள் (மீனுக்கு இருப்பவை போலத்தான், மணக்கும் பூ அல்ல!) இருக்கும். மடித்து வைத்த கீழுதட்டைச் சட்டென நீட்டி இரையைப் பிடிக்கும். வண்ணத்துப்பூச்சிபோல கூட்டுப்புழுப் பருவம் இதற்கு இல்லை. நன்கு வளர்ந்ததும் ஒரு தண்டைப் பற்றி நீருக்கு மேலே ஏறி, தோலைக் கழற்றித் தும்பியாகும்.

எங்கள் வீட்டுப் பின் ஓடையில் பிடித்த ஒரு சாதாரண ஊசித்தும்பிக் குடம்பியை ஜாம் போத்தலில் வளர்த்தேன். நுளம்புக் குடம்பிகளைப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. உம்மாவுக்குக்கூடப் பிடித்துவிட்டது. ஒருநாள் சுபஹுக்கு எழுந்து பார்த்தால், தோல் பாதி கிழிந்தபடி நீரில் செத்து மிதந்தது. ஏறுவதற்கு நான் ஒரு குச்சி வைக்கவில்லை.

தோட்டத்து ஓடைக்கரைகளைப் பார்க்கும்போது இப்போது அந்தப் போத்தல்தான் நினைவுக்கு வருகிறது. புல்லுக்கு மருந்தடித்து, தண்ணீர் விளிம்புவரை வெறும் மண். முட்டையிடத் தண்டில்லை, ஏறுவதற்கும் இல்லை.

போன கிழமை வாப்பா எங்கள் கரையில் புல் வெட்டினார். ஒரு முழம் விடச் சொன்னேன். அட்டை வரும் என்றார். ஆனாலும் விட்டிருக்கிறார்.