தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய் அளவு

கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் மோட்டார் வண்டிகள், 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளோடு அமெரிக்காவிற் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. அத்தகைய வண்டியில் எஞ்சினின் விசையைக் கடத்துவதும், கிளச்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் கியர்ப்பெட்டியினுள் ஓடும் எண்ணெயே. அதனை மாற்றியபின் அளவு பிழைத்தால் விளைவது பெருஞ்சேதம்.

எண்ணெய் குறைந்தால் பம்பி காற்றையும் சேர்த்து உறிஞ்சும். மிகுந்தாலோ, சுழலும் உறுப்புகள் அதனைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் எண்ணெயிற் குமிழிகள் கலந்து, அழுத்தம் தளர்ந்து, தட்டுகள் வழுக்கிக் கருகும்.

பழைய எண்ணெயை வடிக்கையில் முழுவதும் வெளிவருவதில்லை. பெரும்பகுதி எஞ்சினை அடுத்துள்ள விசைமாற்றிக் கலத்திலே தங்கிவிடும். ஆதலின் வடிந்ததை அளந்து, அவ்வளவே புதிதாக ஊற்றுதல் வேண்டும்.

அடுத்தது சோதனை. சூடேறிய எண்ணெய் விரியும். எஞ்சின் நின்றால் கலத்திலுள்ளது வடிந்து மட்டம் உயரும். எனவே, பெரும்பாலான வண்டிகளில், சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றியபின், சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியர்த்தடியை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தித் தரிப்பு நிலைக்கு மீட்பர். பின் அளவுகோலைத் துடைத்துச் செருகி எடுத்தால், எண்ணெய் சூட்டுநிலைக்குரிய இரு குறிகளுக்கிடையே நிற்றல் வேண்டும். குறைந்தால் சிறிது சிறிதாகவே சேர்க்கவேண்டும். ஊற்றுவது எளிது, மிகுந்ததை எடுப்பது அரிது.

சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்தியே அளப்பர். புதிய வண்டிகள் பலவற்றில் அளவுகோலே இல்லை. குறித்த வெப்பநிலையில் அடைப்பானைத் திறந்து, எண்ணெய் வழியும் மட்டத்தைக் காண்பர். வண்டியின் கைந்நூல் கூறும் முறையே முடிவானது.