நிலத்தவணைத் திட்டங்களும் முதலீட்டாளர் பாதுகாப்பும்: மதுரையை முன்வைத்து ஒரு சட்டநோக்கு

முன்னுரை

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், திருமங்கலத்திலோ மேலூரிலோ வாழும் ஒருவர், சில ஆண்டுகளுக்குப் பின் மனை வழங்குவதாக உறுதிகூறும் நிறுவனத்திடம் மாதத் தவணையாகப் பணம் செலுத்துகிறார் எனக் கொள்ளலாம். மனையும் கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. அவர் செலுத்தியது நிலத்தின் விலையா, வைப்புத்தொகையா, கூட்டு முதலீடா? அவர் எம்மன்றத்தை நாட வேண்டும் என்பதை இவ்வினாவின் விடையே பெரிதும் தீர்மானிக்கிறது.

ஒன்றியச் சட்டம்

அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, ஒன்றியப் பட்டியலின் 48ஆம் பதிவு, பங்குச் சந்தைகளையும் முன்பேரச் சந்தைகளையும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்திற்குள் வைக்கிறது. செபி சட்டம் (1992) பிரிவு 11AA-இன்படி, பலருடைய பணம் ஒன்றாகத் திரட்டப்பட்டு, இலாபமோ விளைபொருளோ சொத்தோ பெறும் நோக்கில் செலுத்தப்பட்டு, முதலீட்டாளரின் அன்றாடக் கட்டுப்பாடின்றிப் பிறரால் நிருவகிக்கப்படுமாயின் அது கூட்டு முதலீட்டுத் திட்டமாகும். வேளாண் நிலம் விற்பதாகக் கூறிய பி.ஏ.சி.எல். நிறுவனத்தின் திட்டத்தைச் செபி இவ்வரையறைக்குள் அடக்கி, பணத்தைத் திருப்பித் தருமாறு 2014இல் ஆணையிட்டது. நிலங்களை விற்றுப் பணத்தைப் பகிர்ந்தளிக்க, நீதியரசர் லோதா தலைமையிலான குழு உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2016இல் அமைந்தது.

மாநிலச் சட்டம்

நிதி நிறுவனங்களின் வீழ்ச்சியை அடுத்து 1997இல் தமிழகம் இயற்றிய வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் (டான்பிட்) வேறு வழியை வகுத்தது. வட்டிக்காக மட்டுமன்றி, பொருளாகவோ சேவையாகவோ பயன்பெறச் செலுத்தும் தொகையும் இங்கு வைப்புத்தொகையே. நிறுவனத்தின் சொத்துகளை அரசு பற்றுகை செய்யலாம். சிறப்பு நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, வைப்பீட்டாளரிடையே பகிர்ந்தளிக்க வழிசெய்யலாம். இச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் பாஸ்கரன் வழக்கில் 2011இல் தீர்ப்பளித்தது.

மன்றங்களின் தொலைவு

செபியின் ஆணைமீதான மேல்முறையீடு மும்பையிலுள்ள பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திற்குச் செல்கிறது. உரிமையியல் நீதிமன்றம் அதில் தலையிட இயலாது. டான்பிட் சிறப்பு நீதிமன்றமோ மதுரையிலேயே உள்ளது. அதன் ஆணைமீதான மேல்முறையீடு, 2004இல் தொடங்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் விசாரிக்கப்படுகிறது. எளிய முதலீட்டாளருக்கு இத்தொலைவு வேறுபாடு சிறிதன்று.

முடிவுரை

பத்திரத்தின் தலைப்பில் ‘விற்பனை’ என்றிருப்பது முடிவானதன்று. பணம் எவ்வாறு திரட்டப்பட்டது, எதனைத் தருவதாக உறுதிகூறப்பட்டது என்பனவே சட்டத்தின் அளவுகோல்கள். ஆகவே தவணை இரசீதுடன், நிறுவனம் வழங்கிய விளம்பரமும் உறுதிமொழிக் கடிதமும் சான்றாகின்றன. அவற்றைப் பேணிவைப்பதே முதலீட்டாளரின் முதற்காப்பு.