தரம் போடும் நிறுவனத்தில் தலைமை மாறினால் உங்கள் கார்டு என்ன ஆகும்?

விளையாட்டு வீரர்களின் கார்டுகளையோ போக்கிமான் கார்டுகளையோ சேர்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் அமெரிக்காவின் பி.எஸ்.ஏ. நிறுவனத்தை அறிந்திருப்பீர்கள். அறியாதவர்களுக்காக: நீங்கள் அனுப்பும் கார்டின் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து, 1 முதல் 10 வரை தரம் போட்டு, ஸ்லாப்பில் (உடைக்காமல் பிரிக்க முடியாதபடி ஒட்டிய கெட்டிப் பிளாஸ்டிக் உறை) அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். நகைக்கு ஹால்மார்க் எப்படியோ, கார்டுக்கு அந்த எண் அப்படி. ஒரே கார்டு 9 வாங்கினால் ஒரு விலை, 10 வாங்கினால் பல மடங்கு.

தலைவர் மாறினால் நமக்கென்ன, கார்டைப் பார்ப்பவர் அவர் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எத்தனை பேரை வேலைக்கு வைப்பது, கட்டணம் எவ்வளவு, தவறு நேர்ந்தால் பணம் கொடுப்பதா என்பதையெல்லாம் முடிவு செய்வது தலைமைதான்.

2021-இல் நடந்ததைப் பாருங்கள். பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ் யூனிவர்ஸை, நாட் டர்னர் தலைமையிலான முதலீட்டாளர்கள் அந்த ஆண்டு பிப்ரவரியில் சுமார் 85 கோடி டாலருக்கு வாங்கினார்கள். பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்த ஜோ ஆர்லாண்டோ விலக, டர்னரே தலைமைக்கு வந்தார். பெருந்தொற்றுக் காலத்தில் இந்தப் பொழுதுபோக்கு பெருகி, தேங்கிய கார்டுகள் ஒரு கோடியைத் தாண்டியிருந்தன. மார்ச் 30 அன்று பெரும்பாலான சேவைகளை நிறுத்திவிட்டார்கள். முன்பே அனுப்பியவர்களில் பலர் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

காத்திருப்பதில் என்ன நஷ்டம்? கார்டு தரத்துக்காகக் காத்திருக்கும் வரை உங்களால் அதை எளிதில் விற்க முடியாது. அதற்குள் அந்த வீரர் காயப்பட்டாலோ ஆட்டம் சரிந்தாலோ விலை இறங்கிவிடும். கட்டணத்தில் இன்னொன்றும் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த சேவையின் மதிப்பு வரம்பைவிட, தரம் போட்ட பிறகு கார்டின் மதிப்பு கூடினால், வித்தியாசக் கட்டணமும் கேட்பார்கள்.

ஏற்கெனவே வாங்கிய தரம் செல்லுமா? செல்லும். தலைவர் மாறியதால் உறைமேல் உள்ள எண் மாறாது. நிறுவனத்தின் இணையதளத்தில் சான்று எண்ணைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தரம் தவறாக இருந்தால்? நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது இங்கேதான். பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் கார்டு, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னருடையது. 8 என்று தரம் பெற்ற அது 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விலைபோனது. தரமிடுவதற்கு முன்பே அதன் ஓரத்தை வெட்டிச் சீராக்கியதாக ஏலம் நடத்திவந்த பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இப்படித் தவறும்போது யார் ஈடுகட்டுவது என்பதைச் சொல்வது உத்தரவாத விதிகள். நிர்வாகம் மாறும்போது முதலில் அந்த விதிகள் உள்ள பக்கத்தைத் திறந்து படியுங்கள்.

புதிய தலைமையின் கீழ் தரம் போடுவது கண்டிப்பாகிவிட்டதா? வதந்தியை நம்பாமல் பாப் ரிப்போர்ட்டை (எந்தத் தரத்தில் எத்தனை கார்டுகள் உள்ளன என்ற பட்டியல்) மாதாமாதம் பாருங்கள். புதிதாகச் சேர்பவற்றில் 10-இன் பங்கு குறைந்தால் கண்டிப்பு கூடியிருக்கலாம். பங்கு பெருகினால் உங்கள் 10-க்குப் போட்டி கூடுகிறது.

உரிமையாளர் யார் என்பதையும் கவனியுங்கள். பி.எஸ்.ஏ.வின் தாய்க் குழுமம் 2021-இல் கோல்டின் ஏல நிறுவனத்தை வாங்கி, 2024-இல் ஈபேக்குக் கைமாற்றியது. அதே ஆண்டு எஸ்.ஜி.சி. என்ற, தரம் போடும் போட்டி நிறுவனத்தையும் வாங்கியது. ஒருவரிடம் தரம் பிடிக்காமல் மற்றவரிடம் போகிறீர்கள் என்றால், இருவருக்கும் முதலாளி ஒருவரே என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது வாங்குபவருக்கு நல்லதில்லை என்பது என் கருத்து.

தலைமை மாறிய செய்தி வந்ததும் பதறி விற்க வேண்டாம். அனுப்பும் கார்டின் இரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய கட்டணப் பக்கத்தையும் சேமியுங்கள். மொத்தமாக அனுப்பாமல் முதலில் சில கார்டுகளை மட்டும் அனுப்பி, அவை திரும்பி வந்த பிறகு மற்றவற்றை அனுப்புங்கள்.