ஃபோல்டரை திறந்தாலே கம்ப்யூட்டர் ஹேங் ஆகுதா? ஃபார்மேட் போடும் முன் இதைப் பாருங்க!

வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை திறக்கிறீர்கள். சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்துப்போய், மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறது. உடனே பலரும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்கிறார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், கடையில் கொடுத்து "ஃபார்மேட் போட்டுடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே அவசர வேலை. அதிலும் இரண்டாவது, கல்யாண போட்டோவில் இருந்து பத்திர ஸ்கேன் வரை மொத்தத்தையும் காலி செய்துவிடும்.

உண்மையில் ஹேங் ஆவது எது?

ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்பது ஃபைல்களை எடுத்துக் காட்டும் ஒரு புரோகிராம் மட்டும்தான். ஃபைல்கள் இருப்பது டிஸ்க்கில். காட்டுகிற புரோகிராம் நின்றுவிட்டால் ஃபைல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. டாஸ்க்பாரையும் டெஸ்க்டாப் ஐகான்களையும் கவனிப்பதும் இதே புரோகிராம்தான். அதனால்தான் இது நின்றதும் கம்ப்யூட்டரே நின்றுபோனது போலத் தெரிகிறது.

முதலில் என்ன செய்வது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்பதை தேர்வு செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். (2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதே பெயர் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என மாறிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் மட்டும் இன்னும் பழைய பெயர்தான்!) டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து திரும்ப வரும். திறந்திருக்கும் வேர்டு, எக்செல் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஏதாவது காப்பி ஆகிக்கொண்டிருந்தால் அது பாதியில் நின்றுவிடும்.

எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள்

மறுபடியும் ஹேங் ஆனால், எதைச் செய்யும்போது ஆகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரை திறந்த உடனே நிற்கிறதா? முதல் பக்கத்தில் வரும் சமீபத்திய ஃபைல்கள் பட்டியலில், இப்போது இணைப்பில் இல்லாத ஒரு நெட்வொர்க் டிரைவ் இருக்கலாம். அது பதில் சொல்லும் வரை எக்ஸ்ப்ளோரரும் காத்துக்கிடக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் போய், திறந்ததும் 'திஸ் பிசி' வரும்படி மாற்றுங்கள். அங்கேயே 'கிளியர்' கொடுத்து பழைய பட்டியலையும் அழித்துவிடலாம். இதில் ஃபைல் எதுவும் அழியாது. தேவையில்லாத நெட்வொர்க் டிரைவ் இருந்தால் ரைட் கிளிக் செய்து 'டிஸ்கனெக்ட்' செய்யுங்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் இழுக்கிறதா? அதை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'கஸ்டமைஸ்' பகுதிக்குப் போய், 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள். போட்டோ, வீடியோ ஃபோல்டர் என்றால், ஒவ்வொரு ஃபைலுக்கும் சின்னப் படம் தயாரிக்கும்போது கெட்டுப்போன ஒரு வீடியோவில் சிக்கி நின்றிருக்கலாம். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதியில் ஐகான் மட்டும் காட்டும் வசதியை டிக் செய்தால் தெரிந்துவிடும்.

ரைட் கிளிக் செய்தால் மட்டும் உறைகிறது என்றால் சந்தேகம் வேறு. ஜிப் சாஃப்ட்வேர், ஆன்டிவைரஸ், கிளவுட் ஆப் போன்றவை ரைட் கிளிக் மெனுவில் தங்கள் வரியைச் சேர்த்துவிடும். பிரச்சினை தொடங்கிய சமயத்தில் புதிதாக என்ன இன்ஸ்டால் செய்தீர்களோ, அதை நீக்கிப் பாருங்கள்.

இதுதான் உண்மையான ஆபத்து

ஒரு குறிப்பிட்ட டிரைவை தொட்டால் மட்டும் ஹேங் ஆகிறது என்றால், விளையாட்டு காட்ட வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மென்ஸ்' பகுதியில் டிஸ்க்கை பாருங்கள். பயன்பாடு 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகம் மட்டும் மிகக் குறைவு என்று தொடர்ந்து காட்டினால் டிஸ்க்கே பழுதாகிக் கொண்டிருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் இருந்து 'டிக் டிக்' என்ற சத்தமும் வரலாம். எஸ்எஸ்டியில் அந்த எச்சரிக்கைகூட கிடையாது, சத்தமில்லாமல் போய்விடும்.

வெளியில் இருந்து இணைக்கும் டிஸ்க் என்றால் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி கேபிள்தான். அதற்கும் சரியாகவில்லை என்றால், ரிப்பேர் டூல் எதையும் ஓட்டாதீர்கள். 'செக் டிஸ்க்' மாதிரியான சோதனை டிஸ்க் முழுவதையும் படிக்க வைக்கலாம், சாகப்போகிற டிஸ்க்கை அதுவே முடித்துவிடலாம். முதல் வேலை காப்பி எடுப்பது. அதையும் மொத்தமாக இழுத்துப் போடாமல், எது போனால் திரும்பக் கிடைக்காதோ அந்த ஃபோல்டரை முதலில் எடுங்கள்.

கடைக்கு கொண்டுபோகிறீர்களா?

"சி டிரைவை மட்டும்தான் ஃபார்மேட் பண்ணுவோம், டி டிரைவ் அப்படியே இருக்கும்" என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கும் நீங்கள் மாற்றி வைக்காத வரை இருப்பது சி டிரைவில்தான். இவற்றை காப்பி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகு ஃபார்மேட்டுக்கு சரி சொல்லுங்கள்.