மொட்டை டயரும் வண்டல் மண்ணும்

காவிரி டெல்டாவின் ஊர்களை இணைக்கும் சாலைகளில் கணிசமானவை வெண்ணாறு, வெட்டாறு, கல்லணைக் கால்வாய் போன்றவற்றின் கரைகளை ஒட்டியும் வயல்களுக்கு நடுவேயும் செல்வதால், அறுவடைக் காலத்தில் பெல்ட் மிஷின் எனப்படும் அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் வயலிலிருந்து இழுத்து வரும் களிமண் தார்ச்சாலையின் மேல் படிந்து, அடுத்த மழையில் வழவழப்பான ஒரு மென்படலமாக மாறிவிடுகிறது. களிமண்ணின் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த பருமன் உடையவை. நீரில் கலந்ததும் அவை டயருக்கும் சாலைக்கும் இடையில் புகுந்து மசகு எண்ணெயைப் போல் செயல்படுகின்றன. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும் தஞ்சை, திருவாரூர் வட்டாரங்களில், மோட்டார் சைக்கிளின் டயரைத் தேர்ந்தெடுப்பது உயிர் காக்கும் முடிவாகிறது. குறைந்த செலவில் அதைச் சரியாகச் செய்வதற்குத் தேவைப்படுவது டயரின் இயற்பியலைப் பற்றிய ஓரளவு தெளிவுதான்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது

மோட்டார் சைக்கிளின் முழு எடையும் சாலையைத் தொடும் இடம் மிகச் சிறியது. பின் சக்கரத்தின் மேல் 105 கிலோ சுமை இறங்குவதாகவும், டயரில் 28 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ அழுத்தம் இருப்பதாகவும் கொண்டால், சுமையை அழுத்தத்தால் வகுக்கும்போது தொடுபரப்பு சுமார் 52 சதுர சென்டிமீட்டர் என வருகிறது. இது ஓர் உள்ளங்கையின் அளவுக்கும் குறைவு. அந்த இடத்தில் தேங்கும் நீரையும் சேற்றையும் பக்கவாட்டில் வெளியேற்றுவதற்காகவே டயரின் மேற்பரப்பில் பள்ளங்கள் வார்க்கப்படுகின்றன. பள்ளங்களுக்கு இடையில் நிற்கும் ரப்பர் மேடுகளைத்தான் பஞ்சர் கடைகளில் 'பட்டன்' என்கிறார்கள். பட்டன் முழுவதும் தேய்ந்தது மொட்டை டயர். காய்ந்த சாலையில் மொட்டை டயர் ஓரளவு பிடித்து நிற்கக்கூடும். ஈரத்தில் நீர் வெளியேற வழியில்லாததால் அது சாலையைத் தொடாமலே வழுக்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகன டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதை அறிய அளவுகோல் தேவையில்லை. பள்ளத்தின் அடியில் குறுக்கே ஒரு சிறு ரப்பர் மேடு வார்க்கப்பட்டு, அது இருக்கும் இடத்தைக் காட்டும் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ முக்கோணமோ டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

பக்கச்சுவர் சொல்லும் கணக்கு

விலையைக் கேட்பதற்கு முன் டயரின் பக்கச்சுவரைப் படிப்பதே சிக்கனத்தின் முதல் படி. 2.75–18 என்றால் டயரின் அகலம் 2.75 அங்குலம் என்றும் ரிம்மின் விட்டம் 18 அங்குலம் என்றும் பொருள். 80/100–18 என்ற புதிய முறையில் 80 என்பது மில்லிமீட்டர் கணக்கில் அகலத்தையும், 100 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூறு விழுக்காடு என்பதையும் குறிக்கும். இதையடுத்து வரும் எண்ணும் எழுத்தும் முறையே சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் ஆகும். 41 என்றால் ஒரு டயர் தாங்கும் உச்சச் சுமை 145 கிலோ, 47 என்றால் 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ. எல் என்பது மணிக்கு 120 கிலோமீட்டரையும், பி என்பது 150 கிலோமீட்டரையும் குறிக்கும்.

டெல்டா விவசாயிக்கு வேகக் குறியீட்டை விடச் சுமைக் குறியீடே முக்கியம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கான 40 கிலோ மூட்டைகள் இரண்டைப் பின்னால் ஏற்றினால், 110 கிலோ வண்டியும் 65 கிலோ ஓட்டுநரும் சேர்ந்து மொத்த எடை 255 கிலோவாகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தில் இறங்குவதாகக் கொண்டாலும் 170 கிலோ ஆகிவிடும். குறியீடு 41 உள்ள டயர் இந்தச் சுமைக்கு ஏற்றதன்று. அளவுக்கு மீறிய சுமையில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து நிமிர்வதால், ரப்பருக்குள் வெப்பம் பிறந்து நைலான் இழை அடுக்குகள் பிரியத் தொடங்கும். மூட்டைகளைக் குறைப்பதே இதற்குச் சரியான தீர்வு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவிலேயே கூடுதல் சுமைக் குறியீடு கொண்ட டயர் கிடைத்தால், அதற்குத் தரும் சிறு கூடுதல் விலை வீணாகாது.

நான்கு இலக்கத் தேதியையும் பார்க்க வேண்டும். 2324 என்றால் அந்த டயர் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது. சார்லஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்த முறைப்படி, கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதி பெறுகின்றன. ஆயினும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும், அவற்றோடு வெயிலும் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது ரப்பர் இறுகி வெடிக்கிறது. எனவே பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து தள்ளுபடியில் வரும் டயர், ஓடாமலே முதுமையடைந்த டயராகும். மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிய பள்ளம் வெட்டி விற்கப்படுவதை எந்த விலையிலும் வாங்கக் கூடாது, ஏனெனில் அந்தப் பள்ளத்துக்கு அடியில் இழைகளைக் காக்கும் ரப்பரே எஞ்சியிருப்பதில்லை.

மலிவான டயருக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல வாய்ப்புகள் உண்டு. 1946 இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனமும், 1982 இல் தொடங்கப்பட்டு மதுரைக்கு அருகிலுள்ள வெள்ளரிப்பட்டியில் ஆலை நடத்தும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவனமும் இருசக்கர வாகன டயர்களைத் தயாரிக்கின்றன. எந்தப் பெயராயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் கட்டாயம். கரைச் சாலையில் மிகுதியாக ஓடும் வண்டிக்கு இடைவெளி அகன்ற பட்டனும், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு நெருக்கமான பட்டனும் பொருந்தும்.

ரிம்மின் நடுப்பள்ளம்

கம்பிச் சக்கரமும் டியூபும் உள்ள வண்டிகளில் டயரை வீட்டிலேயே மாற்றலாம். டியூப்லெஸ் டயரின் விளிம்பை ரிம்மில் காற்றுப் புகாமல் அமர வைக்கக் கம்ப்ரஸரின் வேகமான காற்று வேண்டியிருப்பதால், அதைக் கடையிலேயே மாற்றுவது நல்லது.

டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி வளையம் ஒன்று புதைந்திருக்கிறது. பீடு எனப்படும் இந்த வளையம் நீளாது; ஆனால் அது தாண்ட வேண்டிய ரிம்மின் ஓரமோ அதைவிடப் பெரியது. இந்தச் சிக்கலுக்கான விடை ரிம்மின் நடுவிலுள்ள பள்ளத்தில் இருக்கிறது. பீடின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தினால், எதிர்ப்பக்கத்தில் ஓரத்தைத் தாண்டுமளவு தளர்வு கிடைக்கும். இதை அறியாதவர்கள் டயர் லிவரை முழு பலத்தோடு நெம்பி டியூபைக் கிழித்துவிடுகிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றி, வால்வு ஊசியை நீக்கிக் காற்றை முழுவதும் இறக்கி, இருபுற பீடுகளையும் மிதித்துப் பள்ளத்துக்குள் தள்ளிய பின், சிறு சிறு தூரமாக லிவரால் தூக்கினால் பழைய டயர் வெளியே வரும். பழைய டயரையே திரும்பப் பூட்டுவதாக இருந்தால், அதன் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்ப்பது அவசியம். சீமைக் கருவேல முள்ளின் ஒடிந்த நுனி உள்ளேயே தங்கியிருந்தால் அது புது டியூபையும் குத்தும். கம்பி முனைகளை மூடும் ரிம் டேப் சரியாக இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொண்டு, புது டயரின் அம்புக்குறி சக்கரம் உருளும் திசையை நோக்குமாறு வைத்து, பீடில் சோப்பு நீர் தடவி, டியூபில் உருவம் நிற்குமளவு மட்டும் காற்றடித்து உள்ளே வைக்க வேண்டும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வருகே முடிப்பதே முறை, ஏனெனில் வால்வு இருக்கும் இடத்தில் பீடு பள்ளத்துக்குள் முழுமையாக இறங்காது. காற்றடித்த பின், பக்கச்சுவரிலுள்ள மெல்லிய வட்டக்கோடு ரிம் ஓரத்திலிருந்து எங்கும் ஒரே தொலைவில் தெரிந்தால் டயர் சரியாக அமர்ந்திருக்கிறது.

சக்கரத்தைப் பூட்டும்போது ஆக்சில் நட், செயின் தளர்வு, பிரேக் தட்டைப் பிடிக்கும் கம்பியின் போல்ட் ஆகிய மூன்றையும் இருமுறை சரிபார்க்க வேண்டும். அந்தப் போல்ட் விடுபட்டால் பிரேக் பிடித்த நொடியில் பிரேக் தட்டும் சேர்ந்து சுழலும். வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு நீங்கும்வரை, முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவுகளில் நிதானம் வேண்டும். இவ்வளவையும் ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே செய்து முடித்துவிட்டால், சேறு படிந்த கரைச் சாலையில் அந்த உள்ளங்கைப் பரப்பு தன் வேலையைச் செய்யும்.