பரணில் தூங்கும் பழைய லென்ஸ்... மிரர்லெஸ் கேமராவில் மறுபடியும் கண் விழிக்கும்!

பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களோடு, சில வீடுகளில் ஒரு தோல் பையும் இறங்கும். ஜிப் துருப்பிடித்திருக்கும். உள்ளே அப்பாவோ, சித்தப்பாவோ எண்பதுகளில் ஆசையாக வாங்கிய யாஷிகா, பென்டாக்ஸ், நிக்கான் என ஏதோ ஒரு ஃபிலிம் கேமரா. ‘இதுக்கு ரோல் எங்க கிடைக்குது? கிடைச்சாலும் யார் கழுவிக் கொடுக்குறா?’ என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. மாலைக்குள் அது பழைய பேப்பரோடும் உடைந்த மிக்ஸியோடும் எடைக்குப் போய்விடும்.

போடுவதற்கு முன் ஒரு நிமிடம்! கேமரா பழசாகியிருக்கலாம். அதன் முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸ் அப்படியல்ல. அதற்குள் இருப்பது கண்ணாடி, பித்தளை, அலுமினியம். பூஞ்சை பிடிக்காமல் தப்பித்திருந்தால், நாற்பது வருடம் கழித்தும் அது முதல் நாள் பார்த்த மாதிரியேதான் பார்க்கும். இன்று விற்கும் மிரர்லெஸ் கேமராவில் அதை மாட்டிப் படம் எடுக்கலாம். நடுவில் தேவைப்படுவது ஓர் உலோக வளையம் மட்டும்தான். அடாப்டர் என்கிறோமே, அதுதான்.

இது ஏதோ ஒட்டு வேலை போலத் தெரியலாம். ஆனால், இதன் பின்னால் இருப்பது எளிய ஒரு கணக்கு.

கண்ணாடி போனதும் கிடைத்த இடம்

பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்குள் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. பட்டனை அமுக்கினால் ‘டக்’ என்று மேலே எழுந்து, வெளிச்சத்துக்கு வழிவிடும். அந்தக் கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டுமே! அதனால், லென்ஸை ஃபிலிமிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தே கேமராக்களை வடிவமைத்தார்கள். 1959-ல் வந்த நிக்கான் எஃப் மவுன்ட்டில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. பென்டாக்ஸில் 45.46. மினோல்ட்டாவில் 43.5. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு.

மிரர்லெஸ் கேமராவில், பெயரிலேயே இருப்பதுபோல, அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சாரில் விழும் காட்சி நேராகத் திரைக்கு வந்துவிடுகிறது. எனவே லென்ஸை சென்சாருக்கு மிக அருகில் கொண்டுவர முடிந்தது. சோனியின் இ மவுன்ட்டில் 18 மி.மீ., நிக்கான் இசட் மவுன்ட்டில் 16 மி.மீ., கேனான் ஆர்.எஃப். மவுன்ட்டில் 20 மி.மீ.தான் இடைவெளி.

இப்போது கழித்துப் பாருங்கள். பழைய நிக்கான் லென்ஸுக்குத் தேவை 46.5. சோனி கேமராவில் இருப்பது 18. மிச்சம் 28.5 மி.மீ. அந்த உயரத்துக்கு ஒரு வளையம் செய்து, ஒரு பக்கம் நிக்கான் பூட்டும் மறுபக்கம் சோனி பூட்டும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. லென்ஸ் தான் பிறந்த கேமராவில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். வளையத்துக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் காற்றுதான். எனவே படத்தின் தரமும் குறையாது.

இடைவெளி சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? லென்ஸ் தேவைக்கு மேல் தள்ளி நின்றால் பூவும் எறும்பும் மட்டும் ஃபோகஸ் ஆகும். தூரத்து மலையும் கோபுரமும் எவ்வளவு திருகினாலும் கலங்கலாகவே இருக்கும். இதில் கேனான்காரர்கள் பட்ட பாடு தனிக்கதை. 1971 முதல் எஃப்.டி. என்ற வகை லென்ஸ்களை விற்றுவந்த கேனான், 1987-ல் ஈ.ஓ.எஸ். கேமராக்களைக் கொண்டுவந்தபோது பூட்டையே மாற்றிவிட்டது. எஃப்.டி. லென்ஸுக்குத் தேவை 42 மி.மீ., புதுக் கேமராவில் இருந்ததோ 44 மி.மீ. வெறும் 2 மி.மீ. வித்தியாசம்! அதற்காக, நடுவில் கூடுதலாக ஒரு கண்ணாடியைச் செருகிப் படத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் லென்ஸை மூட்டை கட்ட வேண்டும். பலர் மூட்டைதான் கட்டினார்கள். அந்த எஃப்.டி. லென்ஸ்கள் எல்லாம் இன்று மிரர்லெஸ் கேமராக்களில் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கின்றன.

2008-ல் பானசோனிக் ஜி1 வந்தபோதே இந்த வழி திறந்துவிட்டது. ஆனால், அதன் சென்சார் சிறியது. பழைய லென்ஸ் 36-க்கு 24 மி.மீ. ஃபிலிமுக்காகச் செய்யப்பட்டது. சிறிய சென்சார் அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். 50 மி.மீ. லென்ஸ் அந்தக் கேமராவில் 100 மி.மீ. போலவும், ஏ.பி.எஸ்-சி வகைக் கேமராக்களில் சுமார் 75 மி.மீ. போலவும் நெருக்கமாகக் காட்டும். முகங்களை எடுக்க அது நல்லதுதான். கல்யாணக் கூடம் முழுவதும் வேண்டும் என்றால் சுவர் வரை பின்னால் போக வேண்டியிருக்கும். 2013-ல் சோனி ஏ7 ஃபுல்ஃபிரேம் சென்சாருடன் வந்த பிறகுதான், பழைய லென்ஸ் பார்த்த முழுக் காட்சியும் அப்படியே கிடைத்தது.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

முதலில், லென்ஸ் கழலுமா என்று பாருங்கள். ஹாட் ஷாட், யாஷிகா எம்.எஃப்-2, எலெக்ட்ரோ 35 போன்றவற்றில் லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே இருக்கும். அவற்றை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், மாட்ட முடியாது. கழலும் வகையென்றால், லென்ஸின் ஓரத்தில் ஒரு சின்ன பட்டனோ நெம்புகோலோ இருக்கும். அதை அமுக்கித் திருப்பினால் வந்துவிடும். எந்தப் பட்டனும் இல்லாமல் பாட்டில் மூடி போலத் திருகினால் கழன்று வருகிறதா? அது எம்42 என்ற திருகு மவுன்ட்.

யாஷிகா எஃப்.எக்ஸ்-3 வைத்திருந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பூட்டும் ஜெர்மனியின் புகழ்பெற்ற ஸைஸ் லென்ஸ்கள் வந்த கான்டாக்ஸ் கேமராவின் பூட்டும் ஒன்றே. ஓர் அடாப்டர் வாங்கினால் இரண்டு குடும்பத்துக்கும் ஆகும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்.எம்.10 ஆகியவற்றின் லென்ஸ்களுக்கும் அடாப்டர் சுலபமாகக் கிடைக்கும். எஃப்.எம்.10-உடன் வந்த 35-70 ஜூம் லென்ஸைப் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். அதே பையில் 50 மி.மீ. நிக்கார் இருந்தால், அதுதான் புதையல்.

ஸெனிட் என்ற சோவியத் கேமராவோடு வந்தது ஹீலியோஸ் 44. இதற்கு உலகம் முழுக்க ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. 1920-களில் ஸைஸ் வடிவமைத்த பயோட்டார் லென்ஸை ஒட்டி, போருக்குப் பின் ரஷ்யர்கள் லட்சக்கணக்கில் செய்து தள்ளியது. அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்னால் இலைகள் அடர்ந்த மரத்தை வைத்து ஒருவரை நிற்கவைத்து எடுத்தால், பின்னணி முழுக்கச் சுழல்வதுபோல வரும். வேப்பமர இலைகளின் ஊடே வெயில் புள்ளி புள்ளியாக விழும் காலை நேரம் இதற்கு வெகு பொருத்தம். கண்டிப்பாகப் பார்த்தால் அது லென்ஸின் குறை. ஓரங்களைச் சரியாகத் திருத்த முடியாததால் வரும் விளைவு. இன்றைய லென்ஸ்களில் அதைத் திருத்திவிட்டார்கள். அதனாலேயே இப்போது அதைத் தேடி அலைகிறார்கள்.

பென்டாக்ஸ் கம்பெனியின் பழைய டக்குமார் 50 மி.மீ. எஃப்1.4 கையில் கிடைத்தால், கண்ணாடி தேநீர் நிறத்தில் மஞ்சளித்திருக்கலாம். பயப்பட வேண்டாம். ஒளியை நன்றாக வளைப்பதற்காக அந்தக் காலத்தில் சில லென்ஸ் கண்ணாடிகளில் தோரியம் கலந்தார்கள். ஆம், நம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிறதே, அதே தோரியம்தான்! அதன் மெல்லிய கதிர்வீச்சால் கண்ணாடியே நாளடைவில் மஞ்சளாகிவிடுகிறது. படம் எடுக்கும் நேரத்துக்குக் கையில் வைத்திருப்பதால் ஆபத்தில்லை. உடைக்கவோ, அந்தக் கண்ணாடியைச் சுரண்டவோ மட்டும் கூடாது. புற ஊதா வெளிச்சம் தொடர்ந்து பட்டால் மஞ்சள் பெருமளவு தெளியும். பலர் நாள்கணக்கில் வெயிலில் வைத்துத் தெளியவைக்கிறார்கள். ஆனால் லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி என்பதை மறந்துவிட்டு, ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் திரை எரிந்துவிடும். புற ஊதா எல்.இ.டி. விளக்குதான் பத்திரம்.

எதிரி, காற்றில் இருக்கிறான்

நம் ஊரில் பழைய லென்ஸ்களைக் கொல்வது வயதல்ல, ஈரம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும். கண்ணாடி அடுக்குகளுக்கு இடையே சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். கேமரா பழுது பார்ப்பவர்கள் ‘ஃபங்கஸ் புடிச்சிருக்கு’ என்பார்கள். அது கண்ணாடியின் மேல் பூச்சைத் தின்னத் தொடங்கிவிட்டால், துடைத்தாலும் தழும்பு போகாது.

சோதிப்பது எளிது. லென்ஸின் இரண்டு மூடிகளையும் எடுத்துவிட்டு, அப்பர்ச்சர் வளையத்தை மிகச் சிறிய எண்ணுக்குத் திருப்பி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நேராக விளக்கைப் பார்க்க வேண்டாம். தூசி புள்ளிகளாகத் தெரியும், அது பரவாயில்லை. கிளைவிட்ட நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. நடுவில் பரவியிருந்தால் படம் முழுவதும் ஒரு வெள்ளைத் திரை விழும். அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு வைக்காமல் பிரித்துவிடுங்கள். இரண்டாம் கையாக வாங்குபவர்கள் இந்த டார்ச் சோதனை செய்யாமல் பணத்தை நீட்டவே கூடாது.

லென்ஸை அந்தப் பழைய தோல் பையில் திரும்ப வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அரிசிப் பானைக்குள் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், மாவுத் தூசிதான் உள்ளே போகும். சமையலறையில் இருக்கும் காற்றுப் புகாத டப்பா ஒன்று, அதில் நிறம் மாறும் சிலிகா ஜெல் பாக்கெட் இரண்டு போதும்.

எந்த வளையம் வாங்குவது?

கண்ணாடியும் மின்சாரமும் இல்லாத சாதாரண அடாப்டர் சில ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். வாங்கும்போது இரண்டு பெயர்களைச் சரியாகச் சொல்ல வேண்டும்: லென்ஸின் மவுன்ட், கேமராவின் மவுன்ட். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. ‘கேனான் லென்ஸ்’ என்றால் எஃப்.டி.யா, இ.எஃப்.பா என்று கேட்பார்கள். மாட்டிய பின் லென்ஸ் ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். 1987-க்குப் பின் வந்த கேனான் இ.எஃப். லென்ஸ்களில் அப்பர்ச்சரை இயக்குவதே மின்சாரம். அவற்றுக்குச் சாதாரண வளையம் உதவாது. கேனானின் சொந்த அடாப்டரோடு ஆர்.எஃப். கேமராவில் மாட்டினால், ஆட்டோஃபோகஸ் உட்பட எல்லாமே வேலை செய்யும். நிக்கானில் கதை வேறு. அதன் எஃப்.டி.இசட். அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. எனவே, கேமராவின் மோட்டாரை நம்பியிருந்த பழைய ஏ.எஃப்-டி வகை லென்ஸ்கள் அதில் கையால் திருகும் லென்ஸ்களாகிவிடும். நிக்கானிலேயே ஜி வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையமே இருக்காது. வேறு கம்பெனி கேமராவில் மாட்டுவதென்றால், அதற்கென வளையம் வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய லென்ஸ் எதற்கெல்லாம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடும் குழந்தை, கபடி, தாலி கட்டும் அந்த ஒரு நொடி... இவற்றுக்கு இதை நம்பாதீர்கள். எதிர்வெயிலில் பழைய பூச்சுகள் திணறும், படம் வெளுக்கும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியோ, கொல்லையில் பூத்த பவளமல்லியோ எங்கேயும் ஓடப்போவதில்லை. அங்கே கையால் திருகி ஃபோகஸ் செய்ய நேரம் நிறைய இருக்கிறது.

முதல் படம்

வளையத்தோடு லென்ஸை மாட்டியதும் பலருக்கு முதல் ஏமாற்றம் வரும். பட்டனை அமுக்கினால் படம் எடுக்காது! மின்தொடர்பு இல்லாததால் ‘லென்ஸே மாட்டவில்லை’ என்று கேமரா நினைக்கும். மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை ஆன் செய்துவிடுங்கள். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி கேமராவுக்குள்ளேயே இருந்தால், லென்ஸின் மி.மீ. எண்ணையும் கையால் பதிந்துவிட வேண்டும். தவறான எண் இருந்தால் படம் தெளிவதற்குப் பதில் இன்னும் கலங்கும்.

டயலை ‘ஏ’ மோடில் வையுங்கள். கேனானில் அது ‘ஏவி’. அப்பர்ச்சரை லென்ஸில் நீங்கள் திருப்புங்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஃபோகஸுக்கு ‘பீக்கிங்’ என்ற வசதி உண்டு. தெளிவாக இருக்கும் விளிம்புகளில் சிவப்போ மஞ்சளோ கோடு மின்னும். முகம் எடுக்கும்போது அதை மட்டும் நம்பாமல், திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். இமை முடி தனித்தனியாகத் தெரியும் வரை வளையத்தை மெதுவாகத் திருகுங்கள். மூச்சை ஒரு கணம் பிடித்து, அமுக்குங்கள்.